உவரூற்றைத் தேடிய அறிஞர்

உப்பின் அருமை உப்பில்லாவிடத்தே விளங்கும். கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்வார்க்கு உப்பு எளிய பொருள். கடலினின்றும் பல நூறு மைல் உள்ளே, காடு திருத்திக் குடியேறிய மாந்தர்க்கோ அஃது உயிர்ப்பொருளாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மேற்கெல்லைப் புறங்களிற் குடியேறியோர் நிலை இத்தகையதே. பனிக்காலத்துக்கெனப் பன்றியிறைச்சியையும் மீனையும் பதப்படுத்தற்கும், தோல் பதனிடற்கும், கால்நடைகளைப் பேணற்கும் உப்பு வேண்டியிருந்தது. அது பீப்பாய்களில் அடைபட்டு, ஆறும் ஏரியும் கடந்து, விலையேறி வந்து சேர்ந்தது. ஆதலின் காட்டிடையே ஓர் உவரூற்றுக் காணப்படின், அதனைத் தனியொருவர் கைப்பற்றவிடாது பொதுச்சொத்தாக ஒதுக்கி வைத்தல் அந்நாட்டு அரசின் கொள்கையாயிற்று. அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலங்களோடு தம் வாழ்வின் செழும்பகுதியைப் பிணைத்துக்கொண்ட பேரறிஞர் டக்ளஸ் ஹோற்றன் ஆவர்.

ஹோற்றன் 1809 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21 ஆந் திகதி நியூயோர்க் அரசிலுள்ள திரோய் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சட்டம் வல்லவர். மகனார் உள்ளமோ இளமை தொட்டே இயற்கைப் பொருள்களில் ஈடுபட்டது. சிறுவராயிருந்த காலத்து வெடிமருந்து செய்து பார்க்கப் புகுந்து, அது வெடித்தமையால் ஏற்பட்ட தழும்பு அவர் முகத்தில் இறுதிவரை நின்றது. குள்ளமான உடலும் தளராத ஊக்கமும் உடைய அவர், றென்சலேர் கல்விக்கூடத்தில் ஏமொஸ் ஈற்றன் என்னும் நல்லாசிரியரிடம் பயின்று 1829 இற் பட்டம் பெற்றார். ஏட்டுக் கல்வியோடு அமையாது, மாணாக்கரை மலைக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று கல்லையும் மண்ணையும் கையிலெடுத்துக் கற்கச் செய்தவர் ஈற்றன். அப்பயிற்சியே ஹோற்றனை ஆக்கியது எனலாம்.

1830 இல் டெற்றோயிற் நகரத்தார் விஞ்ஞான விரிவுரை நிகழ்த்தத்தக்க ஒருவரை வேண்டினர். ஈற்றன் தம் இளம் மாணாக்கரை அனுப்பினார். இருபத்தொரு வயதினரான ஹோற்றன் சட்டைப்பையிற் பத்துச் சதத்துடன் அந்நகர் புகுந்தார் என்பர். அவர்தம் விரிவுரைகள் ஊரார் உள்ளத்தைக் கவர்ந்தன. மறு ஆண்டில் மருத்துவராகவும் தகுதி பெற்றார். 1832 இல் ஸ்கூல்கிராவ்ற் என்பார் மிசிசிப்பி ஆற்றின் தலையூற்றைக் காணச் சென்ற பயணத்தில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் உடன் சென்ற ஹோற்றன், வழிநெடுக ஓஜிப்வே குடிகளைச் சேர்ந்த இரண்டாயிரத்தின் மேற்பட்டோர்க்கு அம்மைப்பால் குத்தினார். வாந்திபேதி டெற்றோயிற்றைத் தாக்கிய காலத்திலும் அஞ்சாது நோயாளரிடைத் தொண்டாற்றினார். இவற்றால் மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டனர்.

இனி உப்புநிலங்களின் செய்தியை நோக்குவோம். ஓகையோ 1802 இலும் இல்லினோய் 1818 இலும் தனியரசுகளாதற்கு இசைவு பெற்றபொழுது, அங்குள்ள உவரூற்றுகளையும் சூழ்ந்த நிலத்தையும் கொங்கிரஸ் அவ்வரசுகளுக்கு அளித்தது. ஆயினும் அவற்றை விற்றலாகாது, பத்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதலுமாகாது என நிபந்தனையும் விதித்தது. நாளடைவில் ஊற்றுகளின் பயன் குன்ற, விற்றற்கும் இசைவு கொடுக்க நேர்ந்தது. இல்லினோய் உப்பாலைகளில் அடிமைகளை வேலைகொள்ளுதற்கு அவ்வரசின் யாப்பே 1825 வரை இடமளித்தது. பொதுச்சொத்தின் பெயரால் நிகழ்ந்த அத்தீமையையும் வரலாறு மறவாது. நியூயோர்க் அரசோ, ஒனொண்டாகா ஊற்றுகளைத் தன் கையிற் கொண்டு, காய்ச்சுவோர்க்கு நிலம் வாடகைக்கு விட்டு, 1817 முதல் புசலொன்றுக்குப் பன்னிரண்டரைச் சதம் தீர்வை பெற்று, ஈரிக் கால்வாய் வெட்டும் செலவுக்கும் உதவச் செய்தது. மேற்கிலுள்ளார் அனைவரும் அத்தகைய செல்வம் தமக்கும் வாய்க்கும் எனக் கனவு கண்டதில் வியப்பில்லை.

மிச்சிகன் 1837 ஜனவரி 26 இல் அரசாயிற்று. பன்னிரண்டு உவரூற்றுகளும், ஊற்றொன்றுக்கு ஆறு சதுர மைலாக எழுபத்திரண்டு சதுர மைல் நிலமும், அஃதாவது 46,080 ஏக்கர், அதற்குக் கிடைத்தற்குரியனவாயின. அந்நிலமெல்லாம் முன்னர்ச் சுதேசக் குடிகளுக்குரியதாய், உடன்படிக்கைகளால் அவர் கைவிட்டுப் போனது என்பதையும் நினைத்தல் வேண்டும். எவ்வூற்றைத் தெரிவது, எந்நிலத்தை ஒதுக்குவது என்பதை அறிந்து கூற ஓர் ஆய்வாளர் வேண்டப்பட்டார். அரசு தோன்றி ஒரு திங்கள் நிறைவுறுமுன்னே, தேசாதிபதி மேசன் புவிச்சரிதவியல் ஆய்வுக்கான சட்டத்துக்கு ஒப்பமிட்டு, ஹோற்றனை அதன் தலைவராக்கினார். நான்கு ஆண்டுகளுக்கு 29,000 டொலர் வகுக்கப்பட்டது. அப்பொழுது ஹோற்றனுக்கு வயது இருபத்தேழு.

அவர் சதுப்பிலும் காட்டிலும் அலைந்து ஊற்றுகளைக் கண்டு, நீரை அளந்து வற்றக் காய்ச்சி, எஞ்சிய உப்பை நிறுத்துப் பார்த்தார். மேலே கசியும் நீர் உவர்ப்புக் குன்றியது. செறிந்த உவர்நீர் ஆழத்திலேதான் உண்டு. ஆழத் துளைத்தாலன்றிப் பயனில்லை என்பதே அவர் கண்ட முடிபு. சட்டசபை அதனை ஏற்று, 1838 இல் துளைக்கும் பணியையும் அவரிடமே ஒப்படைத்தது. திற்றபவாசி ஆற்றருகே ஒன்றும், கிராண்ட் ஆற்றருகே ஒன்றுமாகக் கிணறுகள் தொடங்கப்பட்டன. இரும்புக் கருவியைத் தூக்கித் தூக்கி விழவிட்டுப் பாறையை உடைக்கும் முறை அது. துளையினுள் நன்னீர் புகுந்து உவர்நீரை நெகிழ்த்தது. போதாக்குறைக்கு 1837 இன் பணமுடையால் அரசு நலிந்தது. கால்வாய்க்கும் புகையிரதப் பாதைக்கும் வாங்கத் துணிந்த ஐம்பது இலட்சம் டொலர்க் கடன் பெருஞ்சுமையாயிற்று. பல்லாண்டு உழைத்தும் அரசின் கிணறுகள் விலைப்படும் உப்பைத் தரவில்லை. கிராண்ட் ஆற்றங்கரையில் லூசியஸ் லையன் என்னும் செல்வர் தம் பொருளால் தோண்டிய கிணறும் அவருக்கு ஊதியம் தரவில்லை.

பொதுப்பணத்தைச் செலவிட்டும் பலன் காட்டாத அறிஞர்மேற் பழி வருதல் இயல்பு. ஹோற்றன் தம் முடிபை மாற்றவில்லை; மிகைபடக் கூறி மக்களை மயக்கவுமில்லை. 1841 இல் வடக்கே கெவினோப் பகுதியின் செம்புபற்றி அவர் வெளியிட்ட அறிக்கையில் இப்பண்பு நன்கு புலனாகும். செம்பு உண்டென்று உலகுக்கு அறிவித்த அவரே, அவசரப்பட்டுப் பொருளிழக்க வேண்டாவெனவும் எச்சரித்தார். எச்சரிக்கையைக் கேட்டவர் சிலர். செம்பை நாடி ஓடினவர் பலர். 1842 இல் டெற்றோயிற் மக்கள் அவரை நகரபிதாவாகத் தெரிந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் அவர் பேராசிரியர் பதவி வகித்தார்.

ஆய்வுக்குப் பணம் வற்றியபோது, நில அளவையோடு புவிச்சரித ஆய்வையும் ஒருங்கே நடத்தும் திட்டத்தை வகுத்து, கூட்டாட்சி அரசின் உடன்பாடு பெற்று மீண்டும் வடக்கே சென்றார். 1845 ஒக்ரோபர் 13 ஆந் திகதி மாலை, சுப்பீரியர் ஏரியிற் சிறு படகிலே ஈகிள் ஆற்றுமுகம் நோக்கிச் சென்றனர் ஐவர். காற்றும் பனிமழையும் மூண்டன. கரையேறலாமெனத் தோழர் கருதியும் அவர் மேற்செல்லத் துணிந்தார் என்பர். படகு கவிழ்ந்தது. இருவர் பிழைத்தனர், ஹோற்றனும் மற்றிருவரும் மாண்டனர். அவர் உடல் அடுத்த இளவேனிலிலேயே கிடைத்தது. வயது முப்பத்தாறு. எழுதவேண்டியிருந்த இறுதிப் பேரறிக்கை எழுதப்படாமலே போயிற்று.

அவர் தேர்ந்த உப்புநிலங்கள் என்னவாயின? உப்புத் தராத அந்நிலங்கள் கல்வியைத் தந்தன. 1849 இல் இப்சிலாந்தியில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை அமைக்கச் சட்டம் இயற்றிய மிச்சிகன் அரசு, கட்டடத்துக்குப் பத்துச் சதுர மைலும் நிலைநிதிக்குப் பதினைந்து சதுர மைலும் உப்புநிலத்தினின்றும் வழங்கியது. 1855 இல் விவசாயக் கல்லூரிக்கு இருபத்திரண்டு சதுர மைல் வழங்கப்பட்டது. நிலம் விற்ற பணம் பள்ளியாயிற்று. அவ்விரண்டும் இன்று பெரும் பல்கலைக்கழகங்களாக விளங்குகின்றன.

உப்பும் பொய்க்கவில்லை. 1859 இல் புசலுக்குப் பத்துச் சதம் ஊக்கப்பணம் தருவதாகச் சட்டசபை அறிவித்தது. மறு ஆண்டிலேயே கிழக்குச் சாகினோவில் ஆழத் துளைத்த கிணற்றினின்றும் செறிந்த உவர்நீர் பொங்கியது. அங்குள்ள மரமரியும் ஆலைகளின் கழிவு விறகும் நீராவியும் காய்ச்சுதற்கு உதவ, 1880 அளவில் மிச்சிகன் உப்பு விளைவில் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. ஆழத்திலே உண்டு என்ற ஹோற்றனின் முடிபு, அவர் இறந்து பதினைந்தாண்டின் பின் மெய்யாயிற்று.

அரசு நிலத்தை வைத்துக் காத்தல் நன்றோ, விற்றுப் பிறிதொரு பொதுநலனாக்குதல் நன்றோ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. விற்ற பணம் எங்கே சென்றது என்பதே ஆராயத்தக்கது. அது ஆசிரியரை ஆக்கச் சென்றமையால், மிச்சிகன் மக்கள் இழந்தது சிறிது, பெற்றது பெரிது. உப்பிட்டவரை மறவாமை நம்மவர் அறம். உப்புக் காணாமலே ஊர்க்கு உப்பிட்டுச் சென்ற இவ்வறிஞரின் பெயரை அந்நாட்டார் ஊருக்கும் ஏரிக்கும் இட்டுப் போற்றுதல் அவ்வறத்தின்பாற்பட்டதே.