கபாபிளாங்கா: வலை என்று தெரிந்தே சிப்பாயை வெட்டியவர்

எதிராளி வலை விரித்திருக்கிறார் என்று தெரிகிறது. விலகிப் போகவும் வழி இருக்கிறது. அப்புறமும் ஒருத்தர் நேராகப் போய் அதில் கால் வைப்பாரா? 1918 அக்டோபரில், நியூயார்க்கில், ஹோசே ரவுல் கபாபிளாங்கா அதைத்தான் செய்தார்.

1888-ல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். அப்பா ஆடுவதைப் பார்த்தே நாலு வயசில் செஸ் கற்றுக்கொண்டார். 1909-ல் அமெரிக்காவின் முன்னணி வீரர் பிராங்க் மார்ஷலை 8-1 என நொறுக்கினார் (14 ஆட்டங்கள் டிரா).

1918-ல் எதிரே உட்கார்ந்ததும் அதே மார்ஷல்தான். கபாபிளாங்காவுக்கு வெள்ளைக் காய்கள். ஓப்பனிங், ரூய் லோபஸ். 16-ம் நூற்றாண்டு ஸ்பெயின் பாதிரியாரின் பெயரைக் கொண்ட, செஸ் ஆடுபவர்களுக்கு அத்துப்படியான தொடக்கம். எட்டாவது மூவில் மார்ஷல் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நடுவில் இருந்த இன்னொரு சிப்பாய் போதிய காவல் இல்லாமல் நின்றது. வேணும்னா எடுத்துக்கோ என்கிற மாதிரி! இதை அவர் பல வருஷம் ஒளித்து வைத்திருந்தார் என்றொரு கதை உண்டு. செஸ் வரலாற்று ஆய்வாளர்கள் அதை அப்படியே நம்புவதில்லை. ஆனால், வீட்டிலேயே யோசித்துக் கொண்டுவந்த திட்டம் என்பது கபாபிளாங்காவுக்குப் புரிந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்தார். வெட்டினார். சண்டை போடும் ஆசை வந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார்.

அடுத்து அடி மேல் அடி. மார்ஷலின் ராணி, குதிரை, பிஷப் எல்லாம் வெள்ளை ராஜாவைச் சூழ்ந்தன. குதிரை ஒரு சிப்பாயை வெட்டி, ராஜா பக்கத்திலேயே வந்து நின்றது. பார்த்தால் ஓசிக் குதிரை. ராணியால் வெட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். கபாபிளாங்கா யானையை ஒரே ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். எதிராளி வீட்டில் போட்ட கணக்கை, இவர் போர்டில் உட்கார்ந்தபடியே அவிழ்த்தார். 36-வது மூவில் வெற்றி. வேடிக்கை என்னவென்றால், அந்த வியூகத்துக்குத் தோற்றவர் பெயர்தான்: மார்ஷல் அட்டாக். இன்றைக்கும் உலகின் டாப் வீரர்கள் ஆடுகிறார்கள்.

1921-ல் லாஸ்கரை வென்று உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை போட்டி ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

ஆனால், கண்ணை நம்பி உட்கார்ந்தவருக்கு அதே பழக்கம் 1927-ல் பாரமானது. அதுவரை தன்னை ஒருமுறைகூட வெல்லாத அலெகைன், இவர் ஆட்டங்களை ஊன்றிப் படித்துவிட்டு பியூனஸ் அயர்ஸுக்கு வந்தார். 34 ஆட்டங்கள், பட்டம் பறிபோனது. மறுபோட்டி கடைசிவரை நடக்கவில்லை.

1942 மார்ச்சில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் செஸ் கிளப்பில் ஒரு ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 53.