ஜகார்த்தாவில் ஜெயித்த வாத்தியார்

ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1951-ல் டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அதெல்லாம் இருக்கட்டும், 1962 ஜகார்த்தாதான் கதையே!

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அப்புறம் தாய்லாந்தையும் ஜப்பானையும் ஜெயித்தாயிற்று. ஆனால் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? அவரைத் தூக்கி முன்வரிசையில் போட்டார். (நம் ஹாஸ்டல் டீமில் இப்படிச் செய்திருந்தால் ரகளையே நடந்திருக்கும்!) அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல். இறுதியில் அதே தென்கொரியா, பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்.

ஒன்பதே மாதத்தில், 1963 ஜூனில், புற்றுநோய் ரஹீமைக் கொண்டு போயிற்று. வயது 53.