அசன்பேயைப் படைத்த அறிஞர் சித்திலெப்பை

கதை கேட்பதில் இன்பங் காணாத இளையோர் எந்நாட்டிலும் இலர். மாயவித்தை கற்ற சிறுவன், அவனுக்கென்றே விதிக்கப்பட்ட அரும்பணி, கடல் கடந்து காத்திருக்கும் காதலி என்று விரியும் கதைகள் இன்று மேனாட்டு இளைஞருலகை ஆட்கொண்டிருக்கின்றன. ஆயின், இச்சுவை நமக்குப் புதியதன்று. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களிடையே கிஸ்ஸா என வழங்கிய கதைப்பாடல்கள் இத்தகைய அற்புதங்களாலேயே நிறைந்தவை. சைத்தூன் கிஸ்ஸாவும், அரபு நாட்டிலிருந்து வந்த ஆயிரத்தொரு இரவுக் கதைகளும், வீட்டுத் திண்ணையிலும் வயல்வாடியிலும் இரவுப் பொழுதைக் குறுகச் செய்தன. கல்முனைக் கரையிலும், கிட்டங்கியைக் கடந்தால் வயல்வெளியாய் விரியும் நாவிதன்வெளியிலும், தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழ்ந்து ஒரே மொழியில் கவியும் கதையும் வளர்த்தவர்கள். அவர்களுக்கு இவ்வுலகு அந்நியமானதன்று.

இவ்வற்புத உலகிலே வளர்ந்த செவிகளுக்கு, பூதமும் மந்திரமும் இன்றியே வியப்பூட்டும் ஒரு கதையைத் தந்தவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை ஆவார். 1885ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது அசன்பேயுடைய கதை, ஈழம் தந்த முதல் தமிழ் நாவலாகப் பலராலும் போற்றப்படுவது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதற்கு ஆறாண்டுகளே பிற்பட்டது இந்நூல் என்பதை நோக்குமிடத்து, இதன் பழமையும் பெருமையும் ஒருங்கே புலனாகும்.

சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி மாநகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் வழக்குரைஞர் தொழிலில் விளங்கியவர். அக்காலத்து முஸ்லிம்களுள் ஆங்கிலச் சட்டம் பயின்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய குடும்பத்திற் பிறந்த மகனும் தமிழும் அரபும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். கண்டி நகர மன்றத்தில் நீதிபதியாகவும் கடமை பார்த்தார். பொருளும் புகழும் அவரைத் தேடி வந்தன. அவ்வளவில் அமைந்திருப்பாராயின், ஒரு செல்வந்தரின் வாழ்வாக அவர் வாழ்வு முடிந்திருக்கும். இன்று அவர் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ஆயின், அவர் தம்மைச் சூழ இருந்த சமூகத்தை நோக்கினார். இலங்கை முஸ்லிம்கள் வாணிகத்தில் வல்லவராயிருந்தனர். நவீன கல்வியிலோ பின்தங்கி நின்றனர். ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிசனரிமார் நடத்திய பாடசாலைகளில் கிடைத்தது. பிள்ளையை அங்கே அனுப்பினால் மதம் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அனுப்பாவிடிலோ உலகம் போய்விடும். இந்த இரு அச்சங்களுக்கிடையே ஒரு தலைமுறை முழுவதும் வீட்டு வாயிலிலேயே நின்றுவிட்டது. மதத்தையும் இழவாது, அறிவையும் இழவாது வாழ வழியுண்டு என்று காட்டுவதையே சித்திலெப்பை தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

1882ஆம் ஆண்டு இறுதியில் முஸ்லிம் நேசன் என்னும் பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்து நாட்டு விடுதலை வீரர் ஒறாபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்து சேர்ந்தார். ஆட்சியை எதிர்த்துப் படை நடத்திய அவ்வீரர், தோல்விக்குப் பின் இத்தீவிலே கல்வியின் இன்றியமையாமையை உணர்த்துபவராக விளங்கினார். இருவரும் நண்பராயினர். அந்நட்பின் பயனாக 1884ஆம் ஆண்டிற் கொழும்பிலே முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தோன்றிற்று. அதற்கடுத்த ஆண்டே அசன்பேயின் கதை வெளிவந்தது. பத்திரிகை, பாடசாலை, கதை ஆகிய மூன்றும் ஒரே கருத்தின் மூன்று கிளைகள் எனலாம்.

இனிக் கதையை நோக்குவோம். எகிப்திலே உயர்குடியிற் பிறந்த குழந்தை ஒன்று களவாடப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறது. தன் பிறப்பை அறியாமலே அசன் வளர்கிறான். வளர்ந்த இடத்தை விட்டு நீங்கிக் கல்கத்தாவை அடைகிறான். அங்கே கல்வி பெறுகிறான். இடர்பல கடந்து எகிப்தை அடைந்து பெற்றோரைக் காண்கிறான். வீரமும் காதலும் சூழ்ச்சியும் இடையிடையே வந்து கதையை நடத்துகின்றன. கடத்தப்பட்ட அரசிளங்குமரன், மறைந்து கிடக்கும் குலப்பெருமை, இறுதியிற் கூடும் விதி ஆகிய இவை யாவும் கிஸ்ஸாக் கதைகளின் பழைய உறுப்புகளே. பழைய கதையில் வீரனைக் காப்பது மந்திர மோதிரம். அசனைக் காப்பவை அவனது கல்வியும் ஒழுக்கமும். பழைய கதையிற் பறக்கும் கம்பளம் செய்த வேலையை, 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் வழியே ஓடிய நீராவிக் கப்பல்கள் அந்நாளில் மெய்யாகவே செய்துகொண்டிருந்தன. வாசகன் தான் வாழும் காலத்தையே அற்புதமெனக் காணுமாறு ஆசிரியர் செய்துவிட்டார். அவ்வாறு காண்பவன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்குவானோ?

ஈழத்தின் ஏனைய தொடக்ககால நாவல்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை மேலும் விளங்கும். திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பிய இடைக்கால அற்புதக் கதையைத் தழுவியது. அதே ஊரைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. ஒன்று கற்பனையின் பக்கமும் மற்றொன்று வரலாற்றின் பக்கமும் சாய, அவற்றுக்கு முற்பட்ட அசன்பேயோ தன் காலத்து உலகையே களமாகக் கொண்டது.

கதையெழுதியதோடு அவர் ஓய்ந்தாரல்லர். ஊர்தோறும் சென்று பேசினார், பாடநூல்கள் இயற்றினார், 1891இற் கண்டியிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை நிறுவினார். ஆண்பிள்ளையின் கல்விக்கே அஞ்சிய காலத்திற் பெண்கல்விக்குக் குரல் கொடுத்தவருக்கு எதிர்ப்பு எழாதிருக்குமா? எதிர்ப்பையும் தாங்கினார், வருவாய் மிக்க தொழிலையும் துறந்தார். கொழும்பிலே முதலிற் கண்ட பாடசாலை நிலைபெறாது தளர்ந்தபோதும் மனந்தளர்ந்திலர். 1892இல் மருதானையில் வாப்பிச்சி மரைக்கார் முதலிய பெரியோர் துணையுடன் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. அதுவே பின்னாளிற் சாகிராக் கல்லூரியாய் ஓங்கிற்று.

வாழ்வின் இறுதியில் அவருள்ளம் ஞானத்துறையில் ஆழ்ந்தது. 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்னும் மெய்ஞ்ஞான நூலை வெளியிட்டார். உலகின் இரகசியங்கள் என்பது அப்பெயரின் பொருள். மாயவித்தையைக் கதையிலிருந்து நீக்கியவர், படைப்பின் மறைபொருளை மாத்திரம் நீக்க விரும்பவில்லை. அதை நாடுவதற்கும் கற்ற அறிவே துணை என்பது அவர் கொள்கை. மறு ஆண்டு 1898 பெப்ரவரி 5ஆம் நாள், அறுபதாம் வயதை எட்டுமுன்னரே, அவர் இவ்வுலகை நீத்தார்.

அவர் கண்டியிலே பிறந்து கொழும்பிலே உழைத்தவராயினும், அவர் இட்ட வித்து கீழ்க்கரையிலும் முளைத்தது. 1942இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அசீஸ், அங்கே வறுமையாற் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளைக் கண்டு மனமிரங்கினார். காரைதீவு தந்த விபுலானந்த அடிகளாரோடும் நட்புக் கொண்டார். 1945இல் அவர் முன்னின்று அமைத்த முஸ்லிம் கல்விச் சகாயநிதி ஏழை மாணவர் பலருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. அவரே 1948இற் கொழும்புச் சாகிராக் கல்லூரியின் அதிபருமானார். சித்திலெப்பை தொடக்கிய பணியை அவர் வழிநின்று தொடர்ந்தவர் அசீஸ் என்பது மிகையன்று.

இன்று நாவிதன்வெளியிலும் கல்முனையிலும் மாணவர் கைகளில் மந்திரச் சிறுவரின் கதைகள் தவழலாம். அவற்றைப் படிப்பதில் குற்றம் யாதுமில்லை. அவற்றோடு அசன்பேயின் கதையையும் ஒருமுறை எடுத்துப் படிப்பாராக. நெற்றியிலே எழுதிய விதியைவிடக் கையிலே பிடித்த புத்தகம் வலியது என்று ஒருவர் நம்பினார். அந்நம்பிக்கைக்காகத் தம் செல்வத்தையும் உழைப்பையும் ஈந்தார். தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவர் நூலுக்கு ஒரு வகுப்பு நேரத்தையேனும் ஒதுக்குவது, அவருக்கு நாம் செலுத்தும் சிறு கடனாகும்.