ஹைதர் அலியும் ராக்கெட்டும்

இந்த இதழுக்கு என்னை நியூட்டனின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னாங்க. ஆனா போன வருஷமே ஒரு அக்கா அதை அழகா எழுதி இதே சுவரில் ஒட்டிட்டாங்க. அதனால் நம்ம திண்டுக்கல்லில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதுறேன். அவர் விஞ்ஞானி இல்லை. எழுதப் படிக்கவே தெரியாதவர். ஆனாலும் நியூட்டனின் மூன்றாம் விதி எனக்குப் புரிந்தது அவரால்தான். அவர் பெயர் ஹைதர் அலி.

முதலில் என் தப்பைச் சொல்லிடுறேன். காலாண்டுத் தேர்வில் ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று ஒரு கேள்வி. வால் பக்கம் வரும் வாயு கீழே உள்ள காற்றைத் தள்ளும், காற்று திருப்பித் தள்ளும், ராக்கெட் போகும் என்று எழுதினேன். 2 மார்க்குக்கு சைபர்! எனக்குக் கோபம். துடுப்பு தண்ணீரைத் தள்ளித்தானே படகு போகுது? சயின்ஸ் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஹைதர் அலி கையில் பீரங்கி இருந்தும் ராக்கெட்டை ஏன் விரும்பினார் என்று பார்த்துட்டு வா என்று அனுப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவோடு செம்பட்டி, சின்னாளபட்டி வழியா பஸ் பிடித்துத் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனேன். ஏறும்போதே மூச்சு வாங்கியது. அந்தப் பாறை சுமார் 900 அடி உயரம். 1605-ல் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. மேலே பீரங்கி வைப்பதற்கென்றே இடம் விட்டுக் கட்டியிருக்காங்க. வெறும் ஆள் ஏறவே இந்தப் பாடு, இரும்பு பீரங்கியை எப்படி ஏற்றினாங்க என்று அத்தாவிடம் கேட்டேன். அத்தாவுக்கும் தெரியலை.

இனி ஹைதர் கதை. அவர் பிறந்தது கோலார் பக்கம் புதிக்கோட்டையில், 1720-ஐ ஒட்டி. அப்பா ஃபத் முகமது, ஆற்காடு நவாப் படையில் 50 ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஆக, ராக்கெட் ஹைதருக்குக் குடும்பத் தொழில் மாதிரி! ஆனால் அவர் சிறுவனாக இருக்கும்போதே அப்பா போரில் இறந்துவிட்டார். குடும்பம் ரொம்பக் கஷ்டப்பட்டது. பிறகு அண்ணனும் தம்பியும் மைசூர் படையில் சேர்ந்தாங்க. 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் நன்றாகப் போரிட்டதால் ஹைதர் மேலதிகாரிகள் கண்ணில் பட்டார். பிறகு திருச்சிப் போரில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போடுவதை நேரில் பார்த்தார். எழுத்து தெரியாதே தவிர ஞாபகசக்தி அபாரம். பெரிய கணக்கைக்கூட மனசிலேயே போடுவாராம்.

1755-ல் அவரைத் திண்டுக்கல் ஃபௌஜ்தாராக அனுப்பினாங்க. படையும் ஊரும் அவர் பொறுப்பு. வரி கட்டாத பாளையக்காரர்களைக் கடுமையாக அடக்கினார். நம்ம சுற்றுவட்டாரத்து மக்களுக்கு அது நல்ல காலமா இருந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேணும். இங்கேதான் பிரெஞ்சுக்காரத் தொழிலாளர்களை வைத்து ஆயுதங்கள் செய்யும் கூடம் ஒன்றை அமைத்தார். 1761-ல் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. பேகம்பூரில் இருக்கிற சமாதி அவருடைய சகோதரியுடையது. சிவகங்கை ராணி வேலுநாச்சியார் விருப்பாட்சியில் தங்கியிருந்தபோது அவருக்கு உதவி செய்தவரும் ஹைதர்தான்.

இப்போ சார் கேட்ட கேள்விக்கு வர்றேன். கொஞ்சம் கவனமாப் படிங்க.

பீரங்கி குண்டை முன்னால் தள்ளும்போது, குண்டும் பீரங்கியை அதே விசையோடு பின்னால் தள்ளும். விசை இரண்டுக்கும் சமம், வேகம் மட்டும் சமமில்லை. குண்டு 5 கிலோ, பீரங்கி 500 கிலோ என்று வச்சுக்குவோம். குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போனால், 100 மடங்கு கனமான பீரங்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் ஓடும். பீரங்கி 50 கிலோதான் என்றால்? நொடிக்கு 30 மீட்டர்! பின்னால் நிற்கிறவன் கதி அவ்வளவுதான். அதனால்தான் பீரங்கியைக் கனமாகவே செய்யணும். கனமாகச் செய்தால் இழுக்க மாடு வேணும், ரோடு வேணும். மழை பெய்தால் சேற்றில் மாட்டிக்கும்.

ராக்கெட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. குழாய்க்குள் மருந்து எரிந்து வாயுவாகிப் பின்னால் பாய்கிறது. குழாய் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு குழாயை முன்னால் தள்ளுகிறது. பீரங்கியில் எந்த உதை தொல்லையோ, அதே உதைதான் இங்கே வேலையைச் செய்கிறது! விடுகிறவன் தோளில் சுமந்துக்கிட்டே போகலாம். இதில் வெளிக்காற்றுக்கு வேலை எங்கே இருக்கு? எனக்கு சைபர் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் போகுதே, அதை நான் யோசிக்கவே இல்லை.

மைசூர் ராக்கெட்டில் இன்னொரு விசேஷம், அதன் குழாய் இரும்பு. காகிதக் குழாயில் மருந்தை ரொம்ப அழுத்தி அடைத்தால் வெடித்துவிடும். இரும்பு அழுத்தத்தைத் தாங்கும். அதனால் வாயு இன்னும் வேகமாக வெளியேறும், உந்துவிசையும் கூடும். நீளமான மூங்கிலில் தோல் வாரால் இறுக்கிக் கட்டி விடுவாங்க. சுமார் 2 கிலோமீட்டர் தூரம்கூடப் போயிருக்கு. ஹைதர் படையில் 1200 ராக்கெட் வீரர்கள் இருந்தாங்களாம். தூரத்துக்குத் தகுந்த மாதிரி எவ்வளவு சாய்த்து விடணும் என்று அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் மகன் திப்புவும் வளைத்துக்கொண்டாங்க. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்கு ராக்கெட்தான் காரணம் என்று பலர் எழுதியிருக்காங்க. பெய்லி பிடிபட்டார். ஆனால் அந்தப் போரில் வழியில் இருந்த கிராமங்கள் எரிந்து, ஜனங்கள் பசியில் செத்தாங்க. அதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமா இருந்தது. அடுத்த வருஷம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே முகாமில், முதுகில் வந்த கட்டியால் இறந்தார். சமாதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கு.

1799-ல் திப்பு இறந்த பிறகு ஆங்கிலேயர்கள் அந்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாங்க. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்துத்தான் புது ராக்கெட் செய்தார். 2018-ல் கர்நாடகாவில் நகரா என்ற ஊரில் ஒரு கிணற்றில் இருந்து 1000-க்கும் மேல் பழைய ராக்கெட் குழாய்களை எடுத்தாங்க. ஒவ்வொன்றும் 23 முதல் 26 சென்டிமீட்டர், அதாவது நம்ம ஸ்கேலைவிடக் குட்டை! அந்த ஊர் 1763-ல் ஹைதர் பிடித்து, ஹைதர்நகர் என்று பெயர் வைத்த ஊர்தான்.

திங்கட்கிழமை இதையெல்லாம் சாரிடம் ஒப்பித்தேன். சார் வகுப்பில் ஜன்னலுக்கு ஜன்னல் நூல் கட்டச் சொன்னார். நூலில் ஸ்ட்ரா கோர்த்து, அதில் ஊதிய பலூனை ஒட்டி விட்டோம். சர்ர்ர்னு போய் எதிர்ச் சுவரில் மோதியது. மார்க் மட்டும் திருத்தலை, சைபர் சைபர்தானாம்.

இடம் முடியப் போகுது. கீழே இருக்கும் ராக்கெட் படம் நானே வரைந்தது. இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி: அந்த மூங்கிலை ஒடித்துவிட்டு வெறும் குழாயை மட்டும் விட்டால் எப்படிப் போகும்? தீபாவளி ராக்கெட்டை ஒடித்துப் பற்ற வைத்துப் பார்க்க வேண்டாம், யோசித்தே சொல்லுங்க. விடையை ஒரு தாளில் எழுதி சயின்ஸ் சாரிடம் கொடுங்க.