ஹாவர்டு சோமர்வெல்

தியோடோர் ஹாவர்டு சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 - ஜனவரி 23, 1975) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஆவார். 1922, 1924 ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இடம்பெற்றவர். எனினும், கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டிற்கு அருகிலுள்ள நெய்யூர் மருத்துவமனையில் ஆற்றிய பணியாலேயே இவர் தமிழகத்தில் அறியப்படுகிறார்.

இளமை

இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணி உற்பத்தி செய்த குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் அறிவியலும் லண்டனில் மருத்துவமும் பயின்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் படை மருத்துவராக இருந்தார். 1916 இல் நடந்த சோம் போரில் திரளாகக் கொண்டுவரப்பட்ட காயமுற்றோருக்கு அறுவை செய்த பட்டறிவு, இவரைப் போர் எதிர்ப்பாளராக மாற்றியது.

நெய்யூரில்

நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838 இல் தொடங்கியது. அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1922 பயணத்திற்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சோமர்வெல், பெருகிவந்த நோயாளிகளுக்கு ஒரே ஓர் அறுவை மருத்துவர் ஈடுகொடுக்க முயல்வதை அங்கே கண்டார். லண்டனில் தமக்கிருந்த வாய்ப்பைக் கைவிட்டு நெய்யூரில் பணியேற்றார். 1924 இல் ஆக்சிசன் உருளையின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தை எட்டிய பின்னரும் நெய்யூருக்கே திரும்பினார்.

அப்பகுதியில் மிகுதியாகக் காணப்பட்ட முன்சிறுகுடல் புண்ணுக்கான அறுவை குறித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். வாய்ப்புற்றுக்கு அங்கு ரேடியமும் பயன்படுத்தப்பட்டது. வெற்றிலை, புகையிலை மெல்வதற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி, நெய்யூர் மருத்துவரான இயன் எம். ஆர் 1933 இல் லான்செட் இதழில் எழுதினார்.

அக்கால நோயறிதல்

வாய்ப்புற்றைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் அறிய முடிந்தது. கல்லீரல் கட்டிகளை அவ்வாறு அறிவது அரிது. சாதாரண எக்சு-கதிர்ப் படத்தில் கல்லீரலும் அதனுள் உள்ள கட்டியும் பெரும்பாலும் வேறுபட்டுத் தெரிவதில்லை. கல்லீரல் சீழ்க்கட்டியில் ஊசி செலுத்திச் சீழை உறிஞ்சும் முறை அன்றே இந்தியாவில் இருந்தது. ஆனால் ஊசிமுனை உள்ளே எங்கு செல்கிறது என்பதைக் காண வழியில்லை. தவறினால் இரத்தப்போக்கு ஏற்படும். ஆகவே, வயிற்றைத் திறந்து பார்ப்பதே உறுதியான வழியாக இருந்தது. குணப்படுத்த இயலாத புற்று உடையவரும் அதை அறிவதற்காகவே பெரிய அறுவைக்கு உட்பட நேர்ந்தது.

சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971 இல்தான். அல்ட்ராசவுண்டு அல்லது சி.டி. படத்தைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தித் திசு எடுக்கும் முறை அதன் பின்னரே பரவியது. இம்முறையில் பெரும்பாலும் மரப்பு மருந்து மட்டுமே போதுமானது.

பிற்காலம்

1949 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்த இவர், 1961 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1962 முதல் 1965 வரை ஆல்பைன் சங்கத்தின் தலைவராக இருந்தார். கேரளத்தின் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இவரது பெயரைத் தாங்கியுள்ளது.