துயரத்தில் பிறந்த குரல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் நெடுஞ்சாலையை அண்டி, நாலந்தாவில் கெடிகே எனும் கற்கோயில் நிற்கின்றது. பல்லவர் கலைப் பாணியைத் தழுவிய அக்கட்டடம் பௌத்தர்களின் புராதனச் சின்னமாகப் போற்றப்படுகின்றது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980 ஆம் ஆண்டளவில் மேட்டில் மீண்டும் எழுப்பினர். தென்னிந்தியக் கலை இம்மண்ணின் பௌத்தத்தோடு கலந்தமைக்கு அது கல்லில் அமைந்த சான்று. அதே கலப்புக்குக் குரலில் அமைந்த சான்றாக வாழ்ந்தவர் மர்ஹூம் அல்ஹாஜ் மொஹிதீன் பேக்.

1919 டிசம்பர் 5 ஆம் திகதி தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்த அவரை இலங்கைக்கு அழைத்து வந்தது ஒரு மரணச் செய்தியாகும். 1930களின் தொடக்கத்தில், இங்கு தொழில் புரிந்த தமையனாரின் இறுதிக் கிரியைக்காக வந்த சிறுவன், பின்னர் இந்நாட்டையே தனது வீடாக்கிக் கொண்டான். பிரிவின் துயரோடு தொடங்கிய வாழ்வு அது. அவரது குரலில் இழையோடிய சோகத்தைக் கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

அவரது முதல் இசைத்தட்டு காதலைப் பாடவில்லை. முஹம்மத் கவுஸ் மாஸ்டரின் இசையில், லக்ஷ்மி பாயுடன் இணைந்து அவர் பாடிய 'கருணா முஹுதே' ஒரு சிங்கள பௌத்த பக்திப் பாடலாகும். இசையமைத்தவரும் பேக்கும் முஸ்லிம்கள். செவிமடுத்துப் போற்றியவர்களோ பௌத்தர்கள். சிங்களம் தாய்மொழியல்லாத இளைஞர் ஒருவரை, முதற்பாடலே அம்மக்களின் இல்லங்களுக்குள் அழைத்துச் சென்றது.

சிங்களப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டான 1947 இல் வெளியான 'அசோகமாலா' அவரைத் திரையிசைக்குக் கொண்டுவந்தது. குலத்தில் தாழ்ந்தவளாகக் கருதப்பட்ட பெண்ணின் காதலுக்காக அரியணையைத் துறந்த சாலிய இளவரசனின் கதை அது. அதன் பின்னர் ருக்மணி தேவி உட்படப் பலரோடு இணைந்து, பல தசாப்தங்கள் காதலையும் பிரிவையும் பாடினார். கலாசூரி விருதும் அவரைத் தேடி வந்தது. வெசாக் காலங்களில் அவரது பௌத்த கீதங்கள் பந்தல்தோறும் ஒலித்தன. எனினும் அவர் தமது மார்க்கத்தை விட்டு விலகவில்லை. முஸ்லிமாக வாழ்ந்து, 1991 நவம்பர் 4 ஆம் திகதி முஸ்லிமாகவே மறைந்தார்.

இவ்வாழ்வைக் கொண்டு இன நல்லுறவு நிறைவேறிவிட்டதென மகிழ்வதற்கில்லை. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் நாலந்தாவுக்குத் தெற்கே கண்டி மாவட்டத்துத் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரு பாடகரின் குரலை நேசிப்பது எளிது. அவரது சமூகத்தை அயலவராக ஏற்று அதற்குப் பாதுகாப்பளிப்பதே கடினம். நாலந்தாவின் கற்கள் நீரில் மூழ்காதிருக்கப் பலர் உழைத்தனர். பேக்கின் குரல் விட்டுச்சென்ற உறவும் அத்தகைய உழைப்பையே நம்மிடம் வேண்டி நிற்கின்றது.