வில்லியம் கேரி: கேட்கப்படாத காணிக்கை

வங்க உரைநடைக்குக் கால்கோளிட்டோருள் ஒருவர் என்றும், வேதாகமத்தை இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்த்து அச்சேற்றியவர் என்றும் வில்லியம் கேரி அறியப்படுகிறார். பிள்ளைப்பலியைத் தடுக்கும் சட்டம் இந்திய மண்ணில் எழுவதற்கு அவர் துணைநின்ற வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. அவருடைய மொழிப்பணியின் பயனை அறிய அவ்வரலாறே சிறந்த சான்றாகும்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1761 ஆகஸ்டு 17 அன்று, நெசவாளர் ஒருவரின் மகனாகக் கேரி பிறந்தார். இளமையில் செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றார். தோலும் ஊசியும் பிடித்த கைகளே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளின் நூல்களையும் ஏந்தின. பட்டறைச் சுவரில் உலகப் படம் ஒன்றைத் தொங்கவிட்டு, தொலைநாட்டு மக்களைப் பற்றிச் சிந்தித்தவாறே அவர் வேலை செய்தார். 1793இல் பாப்டிஸ்டு சங்கத்தின் அருட்பணியாளராக வங்கம் வந்தடைந்தார். உடன்வர மறுத்து, பின்னர் வற்புறுத்தலுக்கு இணங்கிய மனைவி டோரதியும் பிள்ளைகளும் அவருடன் வந்தனர்.

வங்கத்தின் முதல் ஆண்டுகள் கொடியவை. ஜார்ஜ் உட்னி என்பவரின் அவுரித் தொழிற்சாலையை முத்னாபாத்தியில் மேற்பார்த்துப் பிழைத்து வந்தபோது, 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் மாண்டான். குழி தோண்டவும் உடலைச் சுமக்கவும் ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. டோரதியின் சித்தம் கலங்கியது. 1807இல் இறக்கும்வரை அது தெளியவில்லை. பிறர் தம் பிள்ளைகளைப் பலியிடுவதைக் கண்டிக்கப் போகும் ஒருவர், தாம் ஏற்ற பணியின் விலையைத் தம் இல்லத்தாரும் செலுத்தக் கண்டார். கேரியின் வாழ்வை எழுதும் எவரும் இதனை மறைத்தல் ஆகாது.

அக்காலத்தே மற்றொரு காட்சியையும் அவர் கண்டார். மரத்தில் தொங்கிய கூடையொன்றில் ஒரு சிசுவின் எலும்புகள் கிடந்தன. தாய்ப்பால் உண்ணாது மெலியும் குழந்தையைத் தீய ஆவி பற்றியதாகக் கருதிக் கூடையிலிட்டுக் கைவிடும் வழக்கம் அப்பகுதியில் இருந்தது. கறையான் அரித்த அக்கூடையை, மகனைப் புதைத்த தந்தை ஒருவர் கண்டார்.

கேரிக்கு இக்கொடுமை புதிதன்று. அவர் நாள்தோறும் ஓதிய எபிரேய வேதம் அதனை நன்கறியும். மோளேகு என்னும் தெய்வத்திற்குப் பிள்ளைகளைக் கொடுப்பதை மோசேயின் சட்டம் தடுத்திருந்தது. ஆயினும் யூதாவின் அரசன் மனாசே தன் மகனையே தீக்குக் கொடுத்தான். எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கில் தோப்பேத் என்னும் பலியிடம் இருந்தது. யோசியா மன்னன் அதனைத் தீட்டாக்கிப் பயனற்றதாக்கினான். தீர்க்கர் எரேமியாவின் கண்டனம் அதனினும் ஆழமானது. இப்பலியைக் கடவுள் ஒருபோதும் கட்டளையிட்டதில்லை. அது அவர் எண்ணத்திலும் எழுந்ததில்லை என்பது அவர் வாதம். வழிபடுவோர் தம் அச்சத்தையே கடவுளின் கட்டளையாக்கிக் கொண்டனர் என்பது அதன் உட்கிடை. எபிரேய வேதம் சிலை வழிபாட்டையும் பிள்ளைப்பலியையும் ஒருங்கே கண்டித்ததன் காரணம் இதனால் விளங்கும்.

1800இல் கேரி, தரங்கம்பாடியைப் போலவே டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூரில் குடியேறினார். மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் அச்சகம் நிறுவினார். 1801இல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவ்வாண்டே கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி கற்பிக்கும் ஆசிரியரானார். பண்டிதர்களோடு கூடிச் சமஸ்கிருத நூல்களில் ஆழ்ந்தார்.

கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவில் அந்நாளில் ஒரு நேர்த்திக்கடன் நிலவியது. மகப்பேறு வாய்க்காத பெண், பிள்ளைகள் பிறந்தால் ஒன்றைக் கங்கைக்குத் தருவதாக வேண்டிக்கொள்வாள். வேண்டுதல் பலித்தால் அக்குழந்தை நீரில் விடப்படும். முதலைக்கும் சுறாவுக்கும் இரையாகும். இதனை ஆராயும் பொறுப்பை ஆளுநர்-தலைவர் வெல்லெஸ்லி கேரியிடம் ஒப்படைத்தார். ஆளுநரின் ஆலோசனைச் சபையில் அப்போது இடம்பெற்றிருந்த உட்னியும் இதில் ஊக்கம் காட்டினார்.

தம் வேதத்தின் கட்டளைகளை எடுத்துக்காட்டிக் கேரி வழக்காடியிருக்கலாம். அவரோ அம்மக்களின் சாத்திரங்களையே புரட்டினார். இப்பலிக்குச் சாத்திரத்தின் ஆணை இல்லை என்று முடிவு தெரிவித்தார். சாகரில் பிள்ளைகளைப் பலியிடுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1802 ஆகஸ்டில் பிறந்தது. எரேமியாவின் வாதமே, அயலார் ஒருவரின் கல்வி வழியே, வேறொரு மறையின் துணைகொண்டு வென்றது எனலாம்.

தமிழ்நெஞ்சம் இதனை எளிதில் உணரும். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் சீராளனை அறுத்து அமுதாக்கினார்; அழைத்தபோது பிள்ளை ஓடிவந்தான். மோரியா மலையில் ஆபிரகாம் ஓங்கிய கத்தி தடுக்கப்பட்டது. ஈசாக்கு உயிரோடு திரும்பினான். பிள்ளையைத் திருப்பித் தரும் தெய்வத்தையே இரு மரபுகளும் போற்றின. சாகரின் கடலோ எந்தப் பிள்ளையையும் திருப்பித் தரவில்லை. அச்சட்டம் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2002 ஆகஸ்டில், மதுரை மாவட்டப் பேரையூரில் குழிமாற்றுத் திருவிழா நிகழ்ந்தது. நேர்த்திக்கடனாகக் குழந்தைகளைக் குழியில் கிடத்தி மூடி, சிறிது நேரத்தில் வெளியே எடுத்தனர். உயிரைப் பறிப்பது அச்சடங்கின் நோக்கமன்று. பிள்ளையை மீட்டுத் தருவதே அதன் பொருள். ஆயினும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விழாவில் பங்கேற்ற மாநில அமைச்சர் பதவியிழந்தார். குழந்தையின் மூச்சைப் பணயம் வைக்கும் உரிமை பெற்றோரின் பக்திக்கு உண்டா என்னும் வினா, சாகரிலும் பேரையூரிலும் ஒன்றே.

சிலை வழிபாட்டைக் கேரி இறுதிவரை ஏற்கவில்லை. எனினும் கிருத்திவாசரின் வங்க இராமாயணம் முதன்முதலில் அச்சேறியது செராம்பூரில்தான். வான்மீகியின் காவியத்தை மார்ஷ்மனுடன் ஆங்கிலத்தில் பெயர்க்கவும் அவர் முற்பட்டார். 1806 முதல் 1810 வரை மூன்று தொகுதிகள் வெளிவந்தன. மீனவர், உழவர், பெண்டிர் ஆகியோரின் அன்றாடப் பேச்சை 1801இலேயே நூலாகத் தொகுத்தார். ஒரு மக்களின் வழக்கத்தைத் திருத்த விழைந்தவர், முதலில் அம்மக்களின் மொழிக்கு மாணவரானார்.

1812 மார்ச் 11 அன்று அச்சகம் தீக்கிரையாயிற்று. பல்லாண்டுக் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. கேரி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். உடன்கட்டைக் கொடுமையை 1799இல் நேரிற்கண்டு தடுக்க முயன்று தோற்றிருந்தார். 1829 டிசம்பரில் அதனைத் தடைசெய்த ஆணை, வங்கத்தில் மொழிபெயர்க்க அவரிடமே வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தாழ்ப்பினும் ஓர் உயிர் போகக்கூடும் என்றஞ்சி, ஆலயப் பணியைப் பிறரிடம் விட்டு, பொழுது சாய்வதற்குள் பெயர்ப்பை முடித்தார்.

1834 ஜூன் 9 அன்று செராம்பூரில் கேரி மறைந்தார். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாத அவர் உடல் அம்மண்ணிலேயே அடங்கியது.